பஞ்சாரத்துக்குள் ஒரு கன்னிசாமி

அருப்புக்கோட்டையில் நான் முதலில் சந்தேகப்பட்டது பரோட்டாவைத்தான். எங்கள் ஊரில் பரோட்டா மெத்தென்று இருக்கும், பிய்த்தால் இழுபடும். இங்கே எண்ணெயில் முக்கிப் பொரித்து, மொறுமொறுவென்று நொறுக்கி, மேலே சால்னாவை ஊற்றிவிடுகிறார்கள். பழசை மறைக்கத்தான் இந்த ஏற்பாடோ என்று முகர்ந்து பார்த்தேன். இரண்டைத் தின்றுவிட்டு மூன்றாவது கேட்டபோது கடைக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பின்மீதும் எனக்குச் சந்தேகம்.

பழக்கதோஷம். இலங்கையில், மாத்தளையில், முப்பது வருடம் விஞ்ஞான ஆசிரியராக இருந்தேன். விடைத்தாள் கட்டைப் பிரித்தால் யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்றுதான் முதலில் கண் தேடும். ஓய்வு பெற்றதும் எங்கள் பக்கத்துப் பறவை ஆர்வலர்கள் எனக்கேற்ற ஒரு வேலையைக் கொடுத்தார்கள். இன்ன பறவையை இன்ன இடத்தில் பார்த்தேன் என்று யாராவது எழுதி அனுப்பினால், அதை நம்பலாமா கூடாதா என்று நான் சொல்ல வேண்டும். பெரும்பாலும் கூடாது என்று சொல்லிவிடுவேன்.

வந்த காரியம் வேறு. என் தங்கை மகள் மாலதியை அருப்புக்கோட்டையில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவள் கணவர் செல்வம் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். குழந்தை பிறந்திருந்தது, பார்க்க வந்தேன். வந்தேனே தவிர மனம் முழுக்க வீட்டுத் தோட்டத்தில்தான் இருந்தது. ஒவ்வொரு ஐப்பசியிலும் எங்கள் பலா மரத்தடிக்கு ஓர் ஆறுமணிக்குருவி வரும். பச்சை முதுகு, சந்தன நிற வயிறு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. வால் இருக்க வேண்டிய இடத்தில் வெட்டி எடுத்த மாதிரி ஒரு துண்டு. காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் இரண்டு சுரத்தில் விசிலடிக்கும். அதனால்தான் அந்தப் பெயர். இந்த வருடம் ஐப்பசி முடிந்து கார்த்திகையும் பிறந்துவிட்டது, அது வரவில்லை.

வந்த அன்று சாயங்காலம் செல்வத்தின் கடையில் உட்கார்ந்திருந்தேன். குடம் வாங்க வந்த ஒருவர் தன் போனை அவரிடம் நீட்டினார்.

"பாத்தீகளா அண்ணாச்சி, எங்க ஊர்ல ஒரு குருவி மாலை போட்டிருக்கு."

எட்டிப் பார்த்தேன். கோழி அடைக்கும் மூங்கில் பஞ்சாரம். உள்ளே என் ஆறுமணிக்குருவி. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் குதிரைவாலி அரிசி.

திருச்சுழி தாண்டி வீரசோழன் போகும் வழியில் ஒரு சின்ன ஊராம். இருளப்பன் என்ற விவசாயி கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டு வீடு திரும்பியபோது வாசலில் கிடந்ததாம். எடுத்து வைத்துத் தானியம் போட்டார்களாம், தொடவே இல்லையாம். கம்பு, சோறு, வாழைப்பழம் எதையும் தொடவில்லையாம்.

"அதுவும் விரதமிருக்குதுன்னு சொல்றாக. இருளப்பனுக்கு இதுதான் மொதத் தடவை, கன்னிசாமி. மலைக்குப் போறப்ப அதையும் கூடவே கொண்டுபோயி, மேல விடப்போறாராம்."

இது காட்டுக் குருவி. வடக்கே மழைக்காலக் காடுகளில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு முன்னால் இரவிரவாகப் பறந்து தெற்கே வரும். வழியில் களைத்துப்போய் வீட்டு வாசலில் விழுவதும் உண்டு. தரையில் சருகைப் புரட்டிப் புழுவும் பூச்சியும் தின்னும். தானியத்தின் முன் உட்காரவைப்பது எனக்கு முன்னால் வைக்கோலை வைப்பது மாதிரி. மலைக்குப் போக இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. அதற்குள் பட்டினியில் செத்துவிடும்.

மறுநாள் காலையில் கிளம்பினேன். திருச்சுழியில் ஏறிய பஸ்ஸில் கண்டக்டர் "போகும், ஏறுங்க" என்றார். பாதி வழியில் "பஸ்ஸு அங்குட்டுப் போவாது, ஓடைப் பாலத்துல தண்ணி. எறங்கி நடங்க" என்றார். ஏற்றும்போது அந்தப் பாலம் அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? முதல் நாள் பெய்த மழையில் கரிசல் மண் செருப்பில் அப்பி, நடக்க நடக்க நான் உயர்ந்துகொண்டே போனேன். இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். எங்கள் ஊரில் ஒரு குச்சியை ஊன்றினால் பச்சை பிடிக்கும், இங்கே பச்சையாக இருப்பதெல்லாம் முள்.

விதைத்த காட்டில் மயில்கள் மேய்ந்துகொண்டிருந்தன. பத்துப் பன்னிரண்டு இருக்கும். மாத்தளையில் எங்கள் அடுத்த வீட்டுச் சிங்களப் பெரியவர் ஒரு கதை சொல்வார். ஆறுமணிக்குருவியின் பட்டு உடுப்பை மயில் இரவல் வாங்கிக்கொண்டு திருப்பித் தரவில்லையாம். 'என் உடுப்பு எங்கே' என்றுதான் அது அந்தியில் கத்துகிறதாம். மயில்களின் முகத்தைப் பார்த்தேன், கொடுக்கிற முகமாக ஒன்றும் தெரியவில்லை.

இருளப்பன் வீட்டு முற்றம் பெருக்கித் தெளித்துச் சுத்தமாக இருந்தது. மண் தரை, ஓரத்தில் வேப்பமரம், சாமி படத்துக்கு முன்னால் விளக்கு. அதற்குப் பக்கத்தில் பஞ்சாரம், அதன்மேல் யாரோ போட்ட செவ்வந்திச் சரம். கறுப்பு வேட்டியும் நெற்றியில் சந்தனமுமாக இருளப்பன் வந்தார். நாற்பது வயதிருக்கும், மெலிந்த ஆள்.

"வாங்க சாமி. சாமி எந்த ஊரு?"

விரதக்காரருக்கு எல்லோரும் சாமிதான். அவர் மனைவி பாண்டியம்மாளும் அவரைச் 'சாமி' என்றுதான் கூப்பிட்டாள். சிலோன் என்றதும் செம்பில் தண்ணீர் கொடுத்தவள், "குருவி பாக்கவா அம்புட்டுத் தூரத்துலருந்து வந்தீக?" என்று கேட்டாள். கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. என்னை எடைபோடுகிற மாதிரி இருந்தது.

குனிந்து பார்த்தேன். குருவி உயிரோடு இருந்தது. கண்ணில் ஒளி இருந்தது. மூங்கிலில் மோதி மோதி நெற்றித் தோல் உரிந்திருந்தது. ராத்திரியானால் பறந்து போகச் சொல்லி உடம்பு தள்ளும், இது முட்டிக்கொள்ளும். தானியம் அப்படியே இருந்தது. முற்றத்து மூலையில் பூச்சியின் சிறகுகள் கண்ணாடித் துகள் மாதிரி ஒரு குவியலாகப் பெருக்கி வைக்கப்பட்டிருந்தன. பார்த்தேன், பார்த்ததோடு சரி.

முன்னுரை சொல்லாமல் விஷயத்துக்கு வந்துவிட்டேன். அதுதான் என் பிழை. "இது விரதமில்லை, பட்டினி. இதற்குப் புழு வேண்டும். மண்புழு, கரையான் இப்படி ஏதாவது போடுங்கள்" என்றேன்.

இருளப்பனின் முகம் சுருங்கியது. "சாமி, வீட்டுல விரதம் நடக்குது. கோழியெல்லாம் மச்சினன் வீட்டுக்கு அனுப்பியாச்சு. முட்டைகூட உள்ள வரல. நீங்க புழுவப் புடிச்சுக் கொல்லச் சொல்றீக."

"அப்படியென்றால் இப்போதே விட்டுவிடுங்கள். இதையெல்லாம் அடைத்து வைப்பது சட்டப்படி குற்றம்."

சட்டம் என்ற சொல்லை எடுத்திருக்கக் கூடாது. அதுவரை நான் சிலோன் சாமியாக இருந்தேன், அந்தக் கணத்திலிருந்து ஆபீசராகிவிட்டேன். "தேடி வந்தத வெரட்டுனா என் மாலைக்குத்தான் கொறை. சாமி போய்ட்டு வாங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவ்வளவு மரியாதையாக என்னை யாரும் வெளியே அனுப்பியதில்லை.

தெருவில் இறங்கியபிறகுதான் மண்டையில் உறைத்தது. பஞ்சாரத்துக்குள் எச்சம் கிடந்ததே! புதுசாக, வெள்ளையாக, ஐந்தாறு இடத்தில். மூன்று நாள் பட்டினி கிடக்கிற குருவி அப்படி எச்சம் போடாது. யாரோ அதற்குத் தீனி போடுகிறார்கள். அப்படியானால் விரதம், தானியம், செவ்வந்திச் சரம் எல்லாம் நாடகம். ஒரு குருவியை வைத்து ஊரை ஏமாற்றுகிறார்கள் என்று முடிவு கட்டினேன். என்ன தீனி, போதுமா என்று தெரியாததால் பதற்றமும் குறையவில்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று கண்மாய்க் கரையில் ஒரு குச்சியால் மண்ணைக் கிளறினேன். பைக்கில் போன இருவர் நிறுத்தினார்கள்.

"ஏலே, இந்தாளு என்னத்தயோ தோண்டுறாருடா." மற்றவர் என்னிடம், "என்னங்கய்யா, சோலாரா? மண்ணு எடுத்துப் பாக்குறீகளோ?"

"இல்லை, புழு தேடுகிறேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சோலார் கம்பெனிக்கு நிலம் பார்க்க வந்தேன் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். "வாங்க, பஸ்ஸு நிக்கிற எடத்துல எறக்கி விடுறோம்" என்று நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள். பஸ் வந்து நான் ஏறும்வரை கூடவே நின்றார்கள். உதவியா, காவலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் காலையில் மாலதி வீட்டுப் பின்பக்கம், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடும் வாழையடியில் தோண்டினேன். கைநிறைய மண்புழு. போட ஒரு பாத்திரம் வேண்டும். கடை நிறையப் பாத்திரம் வைத்திருக்கிறவர் வீட்டில் புழுவுக்கு ஒன்று தர மாலதிக்கு மனம் வரவில்லை. கருப்பட்டி மிட்டாய் வாங்கிய அட்டைப் பெட்டியைக் கொடுத்தாள். "மாமா, பிள்ளை பாக்க வந்தீகளா, தூண்டில் போட வந்தீகளா?" என்றாள். இங்கு வந்து அவள் பேச்சே மாறிவிட்டது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினேன். என் திட்டம், இருளப்பன் அசந்த நேரம் பார்த்துப் புழுவைப் பஞ்சாரத்துக்குள் தள்ளிவிடுவது. பரீட்சை மண்டபத்தில் துண்டுச் சீட்டு கொண்டுபோகிற பையன்களை முப்பது வருடம் பிடித்தவன் நான். அன்றைக்கு என் மடியில் துண்டுச் சீட்டு இருந்தது.

முற்றத்தில் இருளப்பனோடு இன்னும் இரண்டு மாலைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நேற்றைய மனத்தாங்கலை மறந்து இருளப்பன் எழுந்து வந்தார். பெட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அடடே, சாமிக்கு மிட்டாயா? கோச்சுக்கிட்டுப் போய்ட்டீகளோன்னு ராத்திரியெல்லாம் சங்கடமா இருந்துச்சு. குடுங்க, படத்துக்கு முன்னால வச்சிருவோம்."

இரண்டு கையையும் நீட்டினார். சாமி படத்துக்கு முன்னால் மண்புழு. கொடுக்கவும் முடியவில்லை, பின்வாங்கவும் முடியவில்லை. பாண்டியம்மாள்தான் இடையில் புகுந்து பெட்டியை வாங்கினாள். வாங்கிய கை ஒரு கணம் அப்படியே நின்றது. உள்ளே ஏதோ நெளிவது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"விளக்கேத்தும்போது வச்சுக்கலாம் சாமி. இப்ப எறும்பு மொய்க்கும்" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் போய்விட்டாள்.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் பின்னாலேயே போனேன். பெட்டி திறந்தபடி துவைகல்லின்மேல் இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்புக்குள் எதையோ மறைத்துக் கையால் நசுக்கிக்கொண்டிருந்தாள். பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். விஷமா, மயக்க மருந்தா என்றெல்லாம் ஓடியது.

"கையில் என்ன?" என்றேன். வகுப்பறைக் குரல் தானாக வந்துவிட்டது.

அவள் பயப்படவில்லை. கையைத் திறந்து காட்டினாள். கருப்பட்டித் தூள்.

"மொத நாளு குதிரவாலி வச்சேன்ங்கய்யா. அது திங்கல. அரிசியத் தூக்க எறும்பு வந்துச்சு, ஒரு எறும்ப விடாம பொறுக்கிருச்சு. அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு, இந்தக் குருவி பசிக்கு என்ன வேணும்னு. அரிசியில கொஞ்சம் கருப்பட்டியத் தூவுனா எறும்பு வருசையா வருது. ராத்திரி விளக்குக்கு ஈசல் விழுந்துச்சு. பஞ்சாரத்த விளக்குப் பக்கமா நகத்தி வச்சேன். விடிஞ்சு பாத்தா றெக்கை மட்டும் கெடந்துச்சு. பெருக்கிக் குவிச்சு வச்சேன்."

அந்தச் சிறகுக் குவியலை நான் கண்ணால் பார்த்தேன். பறவைகளைப் பற்றி ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்கிறவன், பார்த்துவிட்டுச் சும்மா வந்தேன்.

"வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா மனசு ஒடஞ்சு போவாக. மொத மாலை, ஒரு பிசகும் வந்துறக் கூடாதுன்னு எட்டி எட்டி நடக்குறாக. நான் எதையும் கொல்லலையே. கருப்பட்டி வச்சேன், எறும்பு வந்துச்சு. அம்புட்டுத்தான்."

என் வாழ்நாளில் எத்தனையோ கள்ளத்தனத்தைப் பிடித்திருக்கிறேன். அவளைப் பிடித்தபோது மட்டும் நான் வெட்கப்பட்டேன்.

எறும்பை வைத்து ஒரு மாதம் தள்ள முடியாது, முட்டி முட்டியே செத்துவிடும் என்றேன். "தெரியும்ங்கய்யா. நேத்து எடது றெக்கையில ஒரு எறகு மூங்கில்ல சிக்கி ஒடஞ்சு விழுந்துருச்சு" என்றாள். நான் அதையும் கவனிக்கவில்லை. "நீங்க சட்டம் பேசாதீக. பேசாம இருங்க, போதும்."

அந்தி நேரம் விளக்கேற்றினாள். மூன்று மாலைக்காரர்களும் எழுந்து நின்றார்கள். சரணம் சொல்ல வாயெடுக்கும்போது பஞ்சாரத்துக்குள்ளிருந்து இரண்டு சுரத்தில் விசில் வந்தது. மணி பார்த்தேன், ஆறு. காட்டுப் பக்கமிருந்து ஒரு மயில் அகவியது.

இருளப்பனின் கண் கலங்கிவிட்டது. "பாத்தீகளா! அதுவும் சரணம் சொல்லுது" என்றார். காரியம் கெட்டது, இனி இவர் விடவே மாட்டார் என்று நினைத்தேன்.

பாண்டியம்மாள் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே, ஏதோ அப்போதுதான் தோன்றியது போலக் கேட்டாள்.

"சாமி, மாலை போட்டவுகள கோழிப் பஞ்சாரத்துல அடைக்கலாமா?"

இருளப்பன் பஞ்சாரத்தைப் பார்த்தார். ஐப்பசி வரை அதற்குள் கோழி கிடந்தது. கவிச்சி பட்ட பஞ்சாரம். அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவது விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. மற்ற இருவரும் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்கள்.

"தப்புப் பண்ணிட்டேனே" என்றார். மண்டியிட்டார். குருவியிடம் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பஞ்சாரத்தை இரண்டு கையாலும் தூக்கினார்.

அது உடனே போய்விடவில்லை. தத்தித் தத்தி முற்றத்துக்கு வந்தது. வேப்பமரத்தடியில் நின்று, ஈரச் சருகொன்றை அலகால் புரட்டியது. அடியிலிருந்து எதையோ இழுத்தது. நீளமாக வந்தது. எல்லோர் கண்ணுக்கும் முன்னால், விளக்கு எரிய, சாமி படம் பார்க்க, அந்தப் புழுவை இரண்டு உதறு உதறி விழுங்கியது.

இருளப்பன் வாய் திறந்தபடி இருந்தார்.

"விரதம் முடிஞ்சிருச்சு சாமி" என்றாள் பாண்டியம்மாள்.

இருளப்பன் மெதுவாகத் தலையாட்டினார். "முடிஞ்சிருச்சு. நமக்கு முன்னால முடிச்சிருச்சு." அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. குருவி வேப்பமரக் கிளைக்குத் தாவியது. கொஞ்ச நேரம் இருந்தது. நன்றாக இருட்டும் முன் எழும்பியது, சிறகின் வெள்ளைத் திட்டு இரண்டு முறை பளிச்சிட்டது. கிழக்கே போயிற்று. கிழக்கே கடல், கடலுக்கு அந்தப் பக்கம் என் ஊர். அந்த நினைப்பு வந்ததும் நானும் கும்பிட்டுவிட்டேன்.

புறப்படும்போது பாண்டியம்மாள் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாள். கனத்தது. திறந்து பார்த்தேன், நாலு வட்டுக் கருப்பட்டி. "புழுவ எங்க கொல்லை வாழையடியில விட்டுட்டேன். இது உங்களுக்கு" என்றாள். என் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டாள்.

ஊர் திரும்பியதும் வாசலிலேயே மனைவி சொன்னாள்: "உங்கட குருவி வந்திட்டுது. நீங்கள் போன மறுநாள் காலமை பலா மரத்தடியில் கத்தினது." மனதுக்குள் நாட்களை எண்ணிப் பார்த்தேன். அன்று திருச்சுழிக் குருவி பஞ்சாரத்துக்குள் இருந்தது. ஆகவே இது வேறு, அது வேறு. அது கடலைத் தாண்டியதா, தாண்டவில்லையா என்பதற்கு என்னிடம் ஒரு ஆதாரமும் இல்லை.

ஒரு வாரம் கழித்து பாண்டியம்மாள் போன் செய்தாள்.

"அய்யா, நல்லாருக்கீகளா? அது வந்து சேந்துருச்சா?"

"வந்துவிட்டதம்மா" என்றேன்.

பிறகு கேட்டாள்: "அதேதானா? எடது றெக்கையில ஒரு எறகு இருக்காதே, பாத்தீகளா?"

எத்தனையோ பேர் ஆசை ஆசையாக எழுதி அனுப்பியதை இதைவிடச் சின்னக் காரணத்துக்காகத் தள்ளியிருக்கிறேன். பலா மரத்தடியில் சருகு புரண்டது. என் குருவி, இரண்டு சிறகும் முழுதாக, தத்திக்கொண்டிருந்தது.

"பார்த்தேனம்மா. இடது சிறகில் ஒன்று இல்லை."

"அப்பாடி" என்றாள். பிறகு, "அங்க எறும்பு இருக்குல்ல?"

மரத்தின் வேரில் நான் உடைத்து வைத்த கருப்பட்டியைப் பார்த்தேன்.

"இருக்கிறதம்மா, வரிசையாக வருகிறது" என்றேன். அதையாவது கண்ணால் பார்த்துச் சொன்னேன்.